பதினேழாம் வளைவு, நான்காம் பாகம்

அடைப்பு மடம்
27 டிசம்பர் 2024

அன்புள்ள பெலிக்ஸ் அண்ணாவுக்கு,

கிறிஸ்துமஸ் பாலன் பிறந்த சந்தோஷத்தோடு தங்கை சாந்தாமேரி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. குளிர் வந்தால் முழங்கால் மட்டும் முனகும். அங்கே நீங்கள், அண்ணி, ஜோஸ்லின், மூன்று பேரும் சுகமா?

கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் முழுவதும் எங்களுக்குக் கடிதப் போக்குவரத்து கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நேற்று மடத் தலைவி மதர் சேர்த்து வைத்திருந்த தபாலை எடுத்துக் கொடுத்தார்கள். உங்களிடமிருந்து ஒன்றுமில்லை. அதை விடுங்கள், நீங்கள் சோம்பேறி. ஜோஸ்லினிடமிருந்து வாழ்த்து அட்டைகூட வரவில்லையே? எழுதக் கற்றுக்கொண்டதிலிருந்து அவள் தவறவிட்டதில்லை. அத்தைமேல் கோபமா என்று கேளுங்கள். பெயர் வைத்தவள் நான்தான். கோபப்பட அவளுக்கு உரிமை உண்டு. காரணம் மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

அக்டோபரில் அவள் போட்ட கடிதத்தை நினைத்து இப்போதும் சிரிக்கிறேன். "அத்தை, நீங்களும் அப்பாவும் பயந்து நடுங்கின 'பதினேழாம் வளைவு' இப்ப எங்க காலேஜ்ல எல்லாருக்கும் பைத்தியம். நாலு பாகமும் மொபைல்லயே கெடைக்குது. சேலத்துல இருந்து பைக் எடுத்துக்கிட்டு அந்த வளைவைப் பாக்க ஏற்காட்டுக்கு வர்றாங்க" என்று எழுதியிருந்தாள். அண்ணா, அந்தப் படமா! நம் மலையில் எடுத்தார்கள் என்பதற்காகவே எஸ்டேட் லைன் வீடுகளுக்கு முன்னால் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து ஊரே உட்கார்ந்து பார்த்ததே. நம் அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே பார்த்தார். பேய் கதவைத் தட்டும்போதெல்லாம் மணி உருள்வது நின்றுபோகும்.

மூன்று பாகம் பார்த்திருக்கிறேன். நான்காவது நான் மடத்துக்குள் வந்த பிறகு வந்ததாம். உள்ளே வந்தால் வெளியே போகாத எங்களுக்குப் படமெல்லாம் ஏது? நீங்களும் ஜோஸ்லினும் சேர்ந்து பார்த்து எனக்கு எழுதுங்களேன். புதுவருஷம் உங்கள் மூவருக்கும் நல்லபடி பிறக்கட்டும்.

உங்கள் தங்கை,
சாந்தா


ஏற்காடு
16 ஜனவரி 2025

அன்புத் தங்கை சாந்தாமேரிக்கு,

அண்ணன் பெலிக்ஸ் எழுதுவது. இங்கே நலம். உன் முழங்காலுக்குக் கற்பூரத் தைலம் தடவு. கிறிஸ்துமஸுக்கு எழுதாததற்குக் கோபிக்காதே. டிசம்பர் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, வண்டி எதுவும் ஓடவில்லை. என் ஜீப்பும் சும்மாதான் நின்றது.

நீ கேட்டபடி முதல் பாகத்தைப் பார்த்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கதை உனக்கு ஞாபகம் இருக்கும். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் மகள் சௌந்தரம், கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போன இடத்தில் பதினேழாம் வளைவில் ஜீப் உருண்டு செத்துப்போகிறாள். ஏழு மணி ஆனால் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். "அப்பா, நாந்தான். கதவத் தொறங்க." அவ்வளவுதான் அவள் பேச்சு. படம் முழுக்க வேறு பேச்சே கிடையாது.

அப்போது நான் பதினாறு வயசுப் பையன். பயந்ததை மறைக்கச் சத்தமாகச் சிரித்தேன். இப்போது பார்த்தால், படம் எடுத்தவன் சாமானியப்பட்ட ஆள் இல்லை என்று தோன்றுகிறது. புகை போட மெஷின் வாங்கக் காசில்லை போல. நம் ஊர்ப் பனி இறங்கும்வரை காத்திருந்து எடுத்திருக்கிறான். சில்வர் ஓக் மரத்துக்கு நடுவில் அது தானாக நகர்கிறது. சௌந்தரத்தின் முகத்தைக் காட்டவே இல்லை. பின்னலும் முதுகும்தான். அவளுக்கு முகம் எப்படி இருக்கும் என்று நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் பார்த்தேன். அவள் யாரையும் தொடவே இல்லை, சாந்தா. ஒருவன் கிணற்றில் விழுகிறான், ஒருத்தி படியில் உருள்கிறாள். எல்லாரும் ஓடித்தான் சாகிறார்கள்.

அந்த அப்பன் கதவுக்கு உள்ளே நின்று தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறான். எனக்கு அது மட்டும் புரியவில்லை. செத்துப்போன பெண் தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். அவன் எதற்குத் தாழ்ப்பாளைப் பிடிக்கிறான்?

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. காப்பிப் பழம் பறித்து முடிந்தது. சங்கீதா வீட்டிலேயே தையல் மிஷினில் தைக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
பெலிக்ஸ்


அடைப்பு மடம்
30 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாந்தாமேரி எழுதுவது. தைலம் தடவினேன், தேவலை. நீங்கள் மூன்று பேரும் சுகம்தானே? கடிதத்தில் பேய் எப்படி இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், பெண் எப்படி இருக்கிறாள் என்று எழுதவில்லையே!

எங்களுக்கு வரும் கடிதங்களை மதர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். இந்த முறை கொடுக்கும்போது, "சிஸ்டர், அந்த அப்பா கடைசிவரைக்கும் கதவைத் திறக்கவே மாட்டாரா?" என்று அவர்களே கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அந்த அப்பனைக் குறை சொல்லாதீர்கள் அண்ணா. அவனுக்குப் பயம். இறந்தவர்களோடு இருந்து பழகாதவன். நாங்கள் இங்கே எங்கள் சகோதரிகளைத் தோட்டத்திலேயே புதைக்கிறோம், துணி உலர்த்தும் கொடிக்குப் பக்கத்தில். வந்த புதிதில் மாலையில் துணி எடுக்கப் போனால் திரும்பிப் பார்க்காமல் ஓடிவருவேன். சௌந்தரம் பின்னால் வந்து "நாந்தான்" என்று சொல்வாளோ என்று இருக்கும். இப்போது அவர்களிடம் பேசிக்கொண்டே துணி மடிக்கிறேன். பழக வேண்டும், அவ்வளவுதான்.

ஜோஸ்லின் என்ன சொல்கிறாள்? அவளும் கூட உட்கார்ந்துதானே பார்க்கிறாள்? இரண்டாம் வருஷப் படிப்பு எப்படிப் போகிறது? தினமும் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கி ஏறுகிற பிள்ளை, வாந்தி வருகிறது என்று முன்பு எழுதியிருந்தாளே, இப்போது பரவாயில்லையா? அவளையே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். மார்ச் முதல் வாரம் தவக்காலம் தொடங்கிவிடும். அப்புறம் ஈஸ்டர்வரை கடிதம் கிடையாது.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள்,
சாந்தா


ஏற்காடு
20 பிப்ரவரி 2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பல நாள் ஆகிவிட்டது. உன் சுகத்துக்கு மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே சுகம்.

ஜோஸ்லின் நன்றாக இருக்கிறாள். படிப்பு அதிகம். அதனால் எழுத முடியவில்லை.

இரண்டாம் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் பார்த்துவிட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. இரண்டாவதில் அந்த வீட்டுக்கு வேறு குடும்பம் குடிவருகிறது. சௌந்தரம் வந்து தட்டுகிறாள். "எங்கப்பா இல்லீங்களா?" என்று கேட்கிறாள். பார்த்தவர்கள் அலறினார்களே தவிர, பாவம், அவள் தப்பான வீட்டைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போகிறாள் என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை. அந்தக் காட்சியில் ஒரு கூத்தும் இருக்கிறது. அவள் திரும்பி நடக்கும்போது சேலைக்குக் கீழே நீல ரப்பர் செருப்பு தெரிகிறது! பேய்க்குச் செருப்பு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி நிறுத்திக் கைதட்டுகிறார்களாம். கேலி இல்லை சாந்தா, அன்பாகத்தான். குளிருக்கு அந்த நடிகை செருப்பைக் கழற்றியிருக்க மாட்டாள். நானும் அந்த இடம் வந்தால் கொஞ்சம் நிறுத்திவைக்கிறேன்.

மூன்றாவது சுமார்தான். மந்திரவாதி வந்து அவளை மரத்தில் ஆணி அடித்துக் கட்டுகிறான். அதில் ஒரே ஒரு நல்ல இடம். கட்டிய பிறகு ஊரே நிம்மதியாகத் தூங்குகிறது. அப்பன் மட்டும் ஏழு மணிக்குக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தட்டும் சத்தம் கேட்கவில்லை. கேட்காதபோதுதான் அவன் அழுகிறான். முதல் மூன்று பாகத்துக்கும் அந்த ஒரு காட்சி போதும்.

நான்காவதை இன்னும் பார்க்கவில்லை. பார்க்கிறேன்.

அண்ணன்,
பெலிக்ஸ்


அடைப்பு மடம்
2 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். வரும் புதன் திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். நாளைக்கே தபாலில் சேர்க்க வேண்டும். நான் நலம், நீங்கள் மூவரும் நலம் என்று நம்புகிறேன்.

ஜோஸ்லினுக்கு ஏப்ரலில் இருபது வயது நிறைகிறது. பிறந்தநாள் தவக்காலத்தில் விழுவதால் இப்போதே அனுப்பிவிடுகிறேன். கைக்குட்டை என் கைத்தையல்தான். மூலையில் 'ஜோ' என்று பூவேலை செய்திருக்கிறேன். கண் சரியாகத் தெரியாததால் பூ கொஞ்சம் கோணல். அத்தைக்கு வயசாகிவிட்டது என்று சொல்லுங்கள். அன்றைக்குத்தான் கொடுக்க வேண்டும், முன்னால் கொடுத்துவிடாதீர்கள். அவளைக் கடைசியாகப் பார்த்தபோது, திரை விலக்கிய பார்வையாளர் அறைக் கம்பி வழியாக விரலை மட்டும் நீட்டி என் விரலைத் தொட்டாள். அப்போது அவள் உயரம் என் தோள். இப்போது என்னைவிட உயரமா?

உங்கள் கடிதங்களைப் படித்தால் எனக்கு ஏதோ செய்கிறது. படத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவர் நீங்கள் அல்ல. உடம்பு நன்றாக இருக்கிறதா? ஈஸ்டருக்கு அப்புறம் எல்லாவற்றையும் விவரமாக எழுதுங்கள். அதுவரை ஜெபத்தில் சந்திப்போம்.

சாந்தா


ஏற்காடு
25 ஏப்ரல் 2025

அன்புள்ள சிஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் அண்ணி சங்கீதா எழுதுகிறேன். உங்கள் உடல்நலத்துக்கு வேண்டுகிறேன். முறைக்கு நாத்தனார் என்றாலும் சிஸ்டர் என்று அழைத்தே பழகிவிட்டது. உங்களுக்கு நான் இதுவரை தனியாகக் கடிதம் எழுதியதில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஜோஸ்லின் நம்மோடு இல்லை. போன நவம்பரில் டெங்குக் காய்ச்சல் வந்தது. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். அவர்கள் செய்யாததில்லை. ரத்தத்தில் அணுக்கள் இறங்கிக்கொண்டே போய்விட்டன. மழையிலேயே கொண்டுவந்து இங்கே நம் கல்லறைத் தோட்டத்தில், உங்கள் அப்பா அம்மா பக்கத்தில் வைத்தோம்.

மடத்துக்கு அவர் போன் செய்து சொல்லிவிட்டார் என்றுதான் இத்தனை மாதம் நினைத்திருந்தேன். உங்களிடமிருந்து எனக்கு ஒரு வரி வரவில்லையே என்று உங்கள்மேல் மனத்தாங்கலாக இருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய கைக்குட்டையைப் பிரித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

"ஏனுங்க, சிஸ்டருக்கு நீங்க சொல்லவே இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"ஏனுங்க?"

கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "ஊர்ல ஒருத்தரும் அவ பேச்ச எடுக்கறதில்ல சங்கீதா. நம்மளப் பாத்தா வேற பேச்சு பேசறாங்க. அங்க ஒருத்தி மட்டும் ஜோஸ்லின் எப்படி இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. கேக்கட்டும் உடு."

அவள் பிறந்தநாளன்று அந்தக் கைக்குட்டையை அவள் கட்டில் தலையணைமேல் விரித்து வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அவள் மொபைலில்தான் அந்தப் பேய்ப்படம் பார்க்கிறார். மத்தியானம் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற நேரம்வரை. மூன்று பாகத்தையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். நான்காவதைத் தொடுவதில்லை. ஆஸ்பத்திரியில் அவள், "அப்பா, நாலாவது மட்டும் நீங்க பாக்கவே இல்ல, அதுதான் நல்லா இருக்கும், வாங்க பாக்கலாம்" என்று கூப்பிட்டாள். "ஊட்டுக்குப் போயி பாக்கலாம் கண்ணு" என்று இவர் சொன்னார்.

மார்ச் மாதம் சேலத்திலிருந்து நாலு காலேஜ் பெண்கள் வந்து, பதினேழாம் வளைவுக்குக் கூட்டிப் போகச் சொல்லி ஜீப்பை வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள். அங்கே போட்டோ எடுக்கும்போது ஒருத்தி தலைமுடியைப் பின்னிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டு, "அப்பா, நாந்தான், கதவத் தொறங்க" என்று சொல்லியிருக்கிறாள். இவர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். மலை ஏறி நடந்தே வீட்டுக்கு வந்தார். அந்தப் பிள்ளைகள் பயந்துபோய் ஜீப் ஸ்டாண்டுக்குப் போன் போட்டு, அங்கே வண்டி ஓட்டுகிற மாரியப்பன் அண்ணன் போய்தான் அவர்களையும் வண்டியையும் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இவர் வண்டி எடுக்கவில்லை. கோடை விழா வருகிறது. ஸ்டாண்டில் இவர் ஜீப் மட்டும் தூசி பிடித்து நிற்கிறது.

எனக்கும் அவள் மகள்தானே, சிஸ்டர்? சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் ஒரு பெண் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தால் நான் எப்படி இந்தப் பக்கம் தையல் மிஷினில் உட்காருவது? ஆத்தூரில் என் தம்பி வேலுசாமி வீட்டுக்குப் போய்விடலாம் என்று துணி மடித்து வைத்திருக்கிறேன். போவதற்கு முன்னால் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவரைத் திட்டி எழுதாதீர்கள்.

சங்கீதா


அடைப்பு மடம்
6 மே 2025

என் அன்பு அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மதர் அதை மற்ற கடிதங்களோடு கொடுக்கவில்லை. தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கொடுத்தார்கள்.

நீங்கள் சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் கோபமா என்று கேட்டு எழுதினேன். என்னைவிட உயரமா என்று கேட்டு எழுதினேன். அதையெல்லாம் அண்ணன் எப்படிப் படித்திருப்பார்? நீங்கள் எப்படிப் படித்தீர்கள்? பூவைப் பிரித்துப் பிரித்துத் தைத்தேன் அண்ணி, கோணல் சரியாகட்டும் என்று. அப்போது அவள் மண்ணுக்குள் போய்க் குளிர்காலமே கழிந்துவிட்டது.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் வார்த்தை இல்லை. இருபத்தொன்பது வருஷமாக ஜெபம் செய்கிறவளிடம் அது இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. நேற்று தோட்டத்தில் துணிகளோடு உட்கார்ந்துவிட்டேன். எழுப்பிக் கூட்டிவந்தார்கள்.

அண்ணனிடம் நீங்கள் எழுதியதைச் சொல்ல மாட்டேன். ஆனால் ஜோஸ்லின் எப்படி இருக்கிறாள் என்று இனி என்னால் கேட்கவும் முடியாது. கேட்டால் அது பொய்.

நீங்கள் ஆத்தூருக்குப் போவது தப்பென்று சொல்லும் இடத்தில் நான் இல்லை. போனாலும் எனக்கு எழுதுங்கள். உங்களுக்குத் தாங்குமானால், போவதற்கு முன் ஒரே ஒரு முறை அவர் பக்கத்தில் உட்காருங்கள். அந்த நான்காவதை அவர் தனியாகப் பார்க்க மாட்டார்.

உங்கள்,
சாந்தாமேரி


அடைப்பு மடம்
7 மே 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஈஸ்டர் சமாதானம் உங்களுக்கு உண்டாகட்டும். நான் இருக்கிறேன். நீங்கள் நன்றாகச் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

மூன்று பாகத்தையும் எனக்கு மறுபடி காட்டிவிட்டீர்கள். கேட்காத சத்தத்துக்கு அந்த அப்பன் அழுதான் என்று எழுதியதை நான் பலமுறை படித்தேன். நான்காவது மட்டும் எனக்குத் தெரியாது. எனக்காக அதைப் பாருங்கள், அண்ணியோடு சேர்ந்து. அவசரமில்லை. எவ்வளவு நாள் ஆனாலும் காத்திருக்கிறேன்.

உங்கள் தங்கை,
சாந்தா


ஏற்காடு
15 ஜூன் 2025

என் தங்கை சாந்தாவுக்கு,

அண்ணன் எழுதுவது. சாப்பிடுகிறேன். தூக்கம் பாதிதான். நீ எப்படி இருக்கிறாய் கண்ணு?

உன் கடிதத்தைப் படித்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பின்பக்கத்திலும் பார்த்தேன். புரிந்துவிட்டது.

"நீ எழுதுனியா?" என்று சங்கீதாவைக் கேட்டேன்.

"எழுதுனேனுங்க."

கோபம் வந்தது. என்னிடம் இருந்த கடைசி ஒன்றையும் பிடுங்கிவிட்டாள் என்று தோன்றியது. கத்திவிட்டு வெளியே போனேன். ஏரியைச் சுற்றி நடந்தேன். கோடை விழாக் கூட்டம், படகில் பிள்ளைகள். திரும்பி வந்தபோது வாசலில் அவள் பை இருந்தது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "ஆத்தூர் பஸ்ஸு போயிருச்சுங்களா?" என்று என்னையே கேட்டாள். போயிருக்கும் என்றேன். போகவில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். பையை உள்ளே எடுத்துவைத்தேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, மத்தியானம் மொபைலைச் சோற்றுப் பானைமேல் சாய்த்துவைத்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். வெளியே பனி இறங்கியிருந்தது.

நான்காம் பாகத்தில் பயப்பட ஒன்றுமே இல்லை, சாந்தா. அதனால்தான் அந்தக் காலத்தில் ஓடவில்லை போல. மரத்தில் அடித்த ஆணி துருப்பிடித்து விழுகிறது. அப்பன் கிழவனாகிவிட்டான். சௌந்தரம் வருகிறாள். தட்டக் கை ஓங்கினால் கதவு தானாகத் திறக்கிறது. தாழ்ப்பாளை அவன் எப்போதோ கழற்றிப் போட்டுவிட்டான். "இவ்வளவு நேரமா? சோறு ஆறிப்போச்சு பாரு" என்று திட்டுகிறான். முதல்முறையாக அவள் முகத்தைக் காட்டுகிறார்கள். ஒன்றும் கோரமாக இல்லை. சாதாரணப் பெண். பஸ்ஸில் பார்க்கிற பெண் மாதிரி. உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

அந்த இடத்தில் சங்கீதா களுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்கு அதிர்ச்சி. என்ன என்றேன்.

"மேல பாருங்க. மைக் தொங்குது."

பார்த்தேன். கிழவன் தலைக்குமேல் கறுப்பாக ஒரு மைக் ஆடிக்கொண்டிருக்கிறது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அவதான் காட்டுனா. இத நாங்க ரெண்டு பேரும் சேந்து பாத்தோமுங்க, ஆயுத பூசை லீவுல. 'அம்மா, சௌந்தரம் சாப்பிடறப்ப மேல பாரு, சாமியே எறங்கி வருது'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. சோறு பொரையேறிருச்சு அவளுக்கு."

எனக்கு இது தெரியாது. அந்தப் படத்துக்குள் அவளைத் தேடி இத்தனை மாதம் உட்கார்ந்திருந்தேன். அவள் சிரித்தது, பொரையேறியது எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம், தையல் மிஷினில் இருந்திருக்கிறது. நான் ஒரு நாள் கேட்கவில்லை. வேறென்ன சொன்னாள் என்று கேட்டேன். சங்கீதா சொல்லச் சொல்லப் படம் தன்பாட்டுக்கு ஓடியது. பிறகு பின்னுக்குத் தள்ளி மறுபடி பார்த்தோம்.

கடைசியில், "அப்பா, உங்களுக்குப் பயமா இல்லீங்களா?" என்று சௌந்தரம் கேட்கிறாள். "நீ வராம இருந்தப்பதான் பயமா இருந்துச்சு" என்கிறான். விடியும்போது வளைவுவரை கூடவே நடக்கிறான். பழக்கத்தில், "போயிட்டு வா" என்கிறான். அவள் போகாமல் நிற்கிறாள். அப்புறம்தான் அவனுக்குப் புரிகிறது. வாயைத் திறந்து, "போ, சாமி" என்கிறான். நம்மில் யாரையாவது அப்படி வழியனுப்புவோமா? அவளுக்கு அந்த வார்த்தைதான் வேண்டியிருந்தது. திரும்பிப் பார்க்காமல் பனிக்குள் போகிறாள். அவன் வீட்டுக்கு வந்து அவள் தட்டைக் கழுவுகிறான். அவ்வளவுதான் படம்.

எனக்கு அந்த வார்த்தை இன்னும் வரவில்லை சாந்தா. வராமலே போகலாம். ஆனால் உன்னிடம் பொய் எழுதியது போதும். நானே சொல்கிறேன். நம் ஜோஸ்லின் இறந்துவிட்டாள். நவம்பரில், ஆஸ்பத்திரியில், விடியும் நேரம். நான் கையைப் பிடித்திருந்தேன். கை சூடாகத்தான் இருந்தது, அதனால் முதலில் எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் வந்துதான் சொன்னாள். உன்னைவிட உயரமா என்று கேட்டிருந்தாயே. ஆமாம். பெட்டி எடுக்கும்போது நீளம் போதவில்லை என்று வேறு மாற்றினோம்.

எழுதிவிட்டேன். இதைத் தபாலில் போடச் சங்கீதாவே வாங்கிக்கொண்டு போகிறாள். நாளைக்கு ஜீப்பைக் கழுவலாம் என்றிருக்கிறேன்.

உன் அண்ணன்,
பெலிக்ஸ்


அடைப்பு மடம்
29 ஜூன் 2025

என் அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் இருவருக்கும் சாந்தாமேரி எழுதுவது. நான் நலம். முழங்காலும் நலம். ஆகஸ்டில் இரண்டு பேரும் வாருங்கள். பார்வையாளர் அறையில் கம்பிக்குப் பின்னால் இருக்கும் திரையை அன்றைக்கு விலக்கிவைக்க மதர் சம்மதித்திருக்கிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இங்கே எங்கள் உறவில் யாராவது இறந்தால், பகல் சாப்பாட்டுக்கு முன் மதர் அவர் பெயரை வாசிப்பார்கள். எல்லாரும் சேர்ந்து ஜெபிப்போம். அண்ணியின் கடிதம் வந்த அன்றே, "பெயரைக் கொடுக்கிறீர்களா சிஸ்டர்?" என்று கேட்டார்கள். இல்லை மதர், அண்ணன் இன்னும் எனக்குச் சொல்லவில்லை என்றேன். புரிந்துகொண்டார்கள். அண்ணன் சொல்லாமல் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கடிதம் கிடைத்த மறுநாள் கொடுத்தேன்.

மதர் வாசித்தார்கள். எல்லாரும் ஜெபத்துக்குப் பதில் சொன்னார்கள். நான் சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. பிறகு வழக்கம்போல மௌனமாகச் சாப்பிட உட்கார்ந்தோம். சாப்பிடும்போது இங்கே யாரும் பேசக் கூடாது. என் பக்கத்தில் உட்காருகிற வயதான சகோதரிக்குக் காது மந்தம். அவர் என் கையைத் தட்டி, "யாரும்மா? யாரு பேரு?" என்று உரக்கக் கேட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மதர் தலையைக் குனிந்துகொண்டார்கள். தடுக்கவில்லை.

"ஜோஸ்லின்" என்று நான் சத்தமாகச் சொன்னேன். "என் அண்ணன் பொண்ணு, ஜோஸ்லின்."

"கேக்கலம்மா. இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்.

சொன்னேன்.

உங்கள்,
சாந்தா